முதல் கிராப்பிளிங் போட்டியா? எப்போது 'தட்ட' வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

குத்து கிடையாது. உதை கிடையாது. இருவர் விரிப்பில் கட்டிப்புரள்வார்கள். ஒருவர் மற்றவரின் கையையோ காலையோ பூட்டுவார், அல்லது கழுத்தை நெருக்குவார். சிக்கியவர் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினால் ஆட்டம் முடிந்தது. இருவரும் எழுந்து கைகுலுக்கிக்கொள்வார்கள்.

இதுதான் சப்மிஷன் கிராப்பிளிங். எதிராளியைப் பிடித்து, பூட்டி, "போதும், விட்டுடுங்க" என்று சொல்லவைக்கும் விளையாட்டு.

சிங்கப்பூரில் வேலை முடிந்து பயிற்சிக்கூடத்திற்குப் போகும் பலர் ஓராண்டு, ஈராண்டு கழித்துப் போட்டியில் இறங்கிப் பார்க்க நினைக்கிறார்கள். "அடிதான் விழாதே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்களும் உண்டு. அடி விழாது என்பது உண்மை. ஆனால் முழங்கைக்கும் முழங்காலுக்கும் கழுத்துக்கும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கும் முதல் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது: தட்டுவது.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-ஆம் ஆண்டில் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்குச் சென்றார். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கிரேசி குடும்பத்தினர் தரையில் நடக்கும் பிடிகளை மேலும் வளர்த்தெடுத்தனர். அதுவே பிரேசிலிய ஜூ-ஜிட்சு ஆனது.

1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யூஎஃப்சி போட்டி அதை உலகுக்குக் காட்டியது. ராய்ஸ் கிரேசி தம்மைவிட எடை கூடிய மூவரை ஒரே இரவில் பணியவைத்தார். முதலில் மோதிய குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன், ராய்ஸ் தம் மேல் ஏறி அமர்ந்த பிறகு, எந்தப் பூட்டும் விழுவதற்கு முன்பே தட்டிவிட்டார்.

இன்று இரண்டு வகையில் போட்டிகள் நடக்கின்றன. 'கி' என்னும் தடித்த சட்டையும் வாரும் அணிந்து ஆடுவது ஒரு வகை. சட்டையையே பிடித்து இழுக்கலாம், அதன் கழுத்துப் பட்டியால் நெருக்கவும் செய்யலாம். இன்னொன்று 'நோ-கி'. உடலை ஒட்டிய ரேஷ் கார்டும் அரைக்காற்சட்டையும்தான் உடை. பிடிக்கத் துணி இல்லாததால் ஆட்டம் வேகமாக இருக்கும், வியர்வையில் வழுக்கவும் செய்யும். சப்மிஷன் கிராப்பிளிங் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சிங்கப்பூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில்தான் ஜூ-ஜிட்சு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் முன்னாள் நீச்சல் வீராங்கனை கான்ஸ்டன்ஸ் லியன் சிங்கப்பூருக்கு வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்த ஆண்டு பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அவரும் நோவா லிமும் தங்கம் வென்றனர்.

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனமும் கிராப்பிளிங்கிற்கென்றே தனிப் பட்டங்களை வைத்திருக்கிறது.

அவர்கள் தேசிய வீரர்கள், நிபுணத்துவ வீரர்கள். இந்தக் கட்டுரை பேசுவது வேறு ஒருவரைப் பற்றி: சனிக்கிழமை போட்டி, திங்கட்கிழமை வேலை என்று இருக்கும் அமெச்சூர் போட்டியாளர்.

யாருடன் மோதவேண்டியிருக்கும்?

வார் நிறம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றைப் பொறுத்துப் பிரிவுகள் அமையும். பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று 5 முக்கிய நிலைகள். தொடக்க நிலையில் இருப்பவருக்கு வெள்ளை வார். 30 வயது ஆனவர்கள் 'மாஸ்டர்' பிரிவிலும் சேரலாம். 40 வயதில் முதல் போட்டிக்குப் போகிறவர் 20 வயது இளையருடன் மல்லுக்கட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

பல போட்டிகள் ஒரே தோல்வியில் வெளியேறும் முறையில் நடக்கின்றன. காலை முதல் காத்திருந்து, முதல் ஆட்டத்தில் தோற்றால் அன்றைய நாள் அத்துடன் முடிந்தது. அதற்கும் மனத்தைத் தயார்செய்துகொண்டு போவது நல்லது.

புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

பல அமெச்சூர் போட்டிகள் ஐபிஜேஜேஎஃப் எனப்படும் அனைத்துலகப் பிரேசிலிய ஜூ-ஜிட்சு கூட்டமைப்பின் விதிமுறைகளைத் தழுவியவை. அதன்படி, பெரியவர்களுக்கான வெள்ளை வார் ஆட்டம் 5 நிமிடம். கறுப்பு வார் ஆட்டம் 10 நிமிடம்.

- எதிராளியைத் தரையில் வீழ்த்தினால்: 2 புள்ளி
- கீழே மல்லாந்து இருந்தவர் புரட்டிவிட்டு மேலே வந்தால்: 2 புள்ளி
- முழங்காலை எதிராளியின் வயிற்றில் ஊன்றி அழுத்தினால்: 2 புள்ளி
- எதிராளியின் கால்களைக் கடந்து பக்கவாட்டில் கட்டுப்படுத்தினால்: 3 புள்ளி
- உடல்மேல் ஏறி அமர்ந்தால்: 4 புள்ளி
- முதுகைப் பிடித்து, இரு கால்களாலும் இடுப்பைக் கொக்கிபோல் கட்டினால்: 4 புள்ளி

ஒவ்வொரு நிலையையும் 3 விநாடி தக்கவைத்திருக்கவேண்டும். பிடித்தவுடன் நழுவவிட்டால் புள்ளி இல்லை. ஒன்றும் செய்யாமல் நேரத்தை இழுத்தடித்தால் தண்டனை உண்டு.

ஆனால் புள்ளிகளை எவ்வளவு குவித்தாலும் வெற்றி உறுதியில்லை. 10-0 என்று முன்னணியில் இருப்பவர் கடைசி 5 விநாடியில் பூட்டில் சிக்கித் தட்டினால் தோற்றவர் அவர்தான்.

எல்லாப் போட்டிகளுக்கும் ஒரே விதி இல்லை. 1998-இல் அபுதாபியில் தொடங்கிய ஏடிசிசி போட்டியின் விதிமுறையில் ஆட்டத்தின் முதல் பகுதியில் புள்ளியே தரப்படாது. புள்ளி முறையே இல்லாத, பணியவைத்தால் மட்டுமே வெற்றி என்ற போட்டிகளும் உண்டு. பதிவு செய்வதற்கு முன் விதிமுறைப் புத்தகத்தை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

எவை தடைசெய்யப்பட்டவை?

குத்துவது, உதைப்பது, கடிப்பது, கண்ணில் விரல் வைப்பது, விரல்களைத் தனித்தனியாகப் பிடித்து வளைப்பது ஆகியவை எங்குமே கூடாது. எதிராளியைத் தூக்கித் தரையில் அறைவதும் ஐபிஜேஜேஎஃப் விதிப்படி தடை.

வெள்ளை வார் போட்டியாளர்களுக்குக் கட்டுப்பாடுகள் இன்னும் அதிகம். மணிக்கட்டைப் பூட்டக்கூடாது. எதிராளியின் இடுப்பில் தாவி ஏறித் தொங்கக்கூடாது. முழங்காலை நேராக இழுத்துப் பூட்டும் பிடியைப் பழுப்பு, கறுப்பு வார் நிலைகளில்தான் பயன்படுத்தலாம்.

'ஹீல் ஹுக்' என்னும் குதிகால் திருகு அதிகக் கவலைக்குரியது. குதிகாலைப் பிடித்துத் திருகினாலும் அதன் விசை போய்ச் சேர்வது முழங்காலின் தசைநாருக்கு. வலி தெரிவதற்குள் தசைநார் கிழிந்துவிடலாம். ஐபிஜேஜேஎஃப் 2021-இல்தான் இதை அனுமதித்தது. அதுவும் 'நோ-கி' பிரிவில், பழுப்பு, கறுப்பு வார் பெரியவர்களுக்கு மட்டும். நீங்கள் பதிவு செய்யும் போட்டியில் இது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அனுமதி உண்டு, ஆனால் நீங்கள் பயிற்சி செய்ததே இல்லை என்றால் அந்தப் பிரிவு உங்களுக்கானதல்ல.

தட்டுவது எப்படி?

கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் விதிமுறையில் இதற்கே தனி விளக்கம் இருக்கிறது.

- எதிராளியின் உடலிலோ தரையிலோ உங்கள் உடலிலோ உள்ளங்கையால் குறைந்தது இரண்டு முறை தெளிவாகத் தட்டலாம்.
- இரு கைகளும் சிக்கியிருந்தால் காலால் தரையில் இரண்டு முறை தட்டலாம்.
- வாய்விட்டுச் சொல்லலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பூட்டில் சிக்கியிருக்கும்போது வலியில் "ஆ!" என்று கத்தினாலும் ஐபிஜேஜேஎஃப் விதிப்படி அது தட்டியதற்குச் சமம். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். "நான் தட்டலையே, சும்மாதான் கத்தினேன்" என்று வாதிட்டுப் பயனில்லை.

யாரும் தட்டாவிட்டாலும், காயம் ஏற்படும் என்று நடுவர் கருதினால் ஆட்டத்தை அவரே நிறுத்தலாம். மயங்கினாலும் தோல்விதான்.

தட்டும்போது எதிராளிக்கு உறைக்கும்படி தட்டுங்கள். அரங்கில் பல ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். பயிற்றுவிப்பாளர்கள் கத்துவார்கள், நண்பர்கள் கூச்சல் போடுவார்கள். நடுவர் உங்கள் முதுகுப்பக்கம் நிற்கக்கூடும். காற்றில் கையை அசைப்பதும் விரல் நுனியால் தொடுவதும் தட்டியதாகாது. முடிந்தால் எதிராளியின் உடலில் தட்டிக்கொண்டே "டாப்! டாப்!" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் பூட்டிய பக்கத்தில் இருந்தாலும் பொறுப்பு உண்டு. எதிராளி தட்டியதை உணர்ந்தால் அழுத்தத்தை உடனே நிறுத்துங்கள். ஆனால் நடுவர் தலையிடும்வரை பிடியை முழுமையாக விட்டுவிடவேண்டாம். அவர் தட்டியதை நடுவர் பார்த்திருக்காவிட்டால் ஆட்டம் தொடரும்.

தெரிந்தும் ஏன் தட்டுவதில்லை?

பயிற்சிக்கூடத்தில் ஒரே மாலையில் பத்து முறை தட்டுபவர்கூடப் போட்டியில் தயங்குவார். குடும்பம் பார்க்கிறது. நண்பர் கைப்பேசியில் படமெடுக்கிறார். பயிற்றுவிப்பாளர் முன்னால் மானம் போய்விடுமோ என்ற எண்ணம். போதாக்குறைக்குப் பதற்றத்தில் ஊறும் அட்ரினலின் வலியை மறைத்துவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் தாங்கலாம்" என்று மனம் சொல்லும் நேரத்தில் முழங்கை அதன் எல்லையைத் தாண்டியிருக்கும்.

இந்தப் பிடிவாதத்திற்கு வரலாற்றிலும் இடம் உண்டு. 1951-இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசி ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவுடன் மோதினார். கிமுரா அவரது கையை முதுகுப்பக்கம் முறுக்கிப் பூட்டினார். ஹீலியோ தட்டவில்லை. அவரது தரப்பினர் குறுக்கிட்டு ஆட்டத்தை முடித்துவைத்தனர். அந்தப் பூட்டுக்கு இன்றும் 'கிமுரா' என்றுதான் பெயர். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் கசுஷி சகுராபாவுடன் மோதிய ரென்சோ கிரேசியும் அதே பூட்டில் சிக்கினார். அவரும் தட்டவில்லை. முழங்கை மூட்டு விலகியது.

அவர்களைப் பாராட்டிப் பேசுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சண்டைதான் தொழில், குடும்பப் பெயர்தான் மூலதனம். நீங்கள் தாதியாகவோ லாரி ஓட்டுநராகவோ சமையல் நிபுணராகவோ இருக்கலாம். தேசிய சேவையில் இருக்கலாம். வீட்டில் தூக்கிக்கொள்ளச் சொல்லி அழும் குழந்தை இருக்கலாம். ஒரு வெண்கலப் பதக்கத்துக்காக முழங்கையைப் பல மாதம் கட்டுப்போட்டு வைத்திருக்க முடியுமா என்பதைப் போட்டிக்கு முன்பே யோசித்து முடிவெடுங்கள். ஆட்டத்தின் நடுவே அதை யோசிக்க நேரம் இருக்காது.

ஒரு நடைமுறை யோசனை: எந்தப் பிடிக்கு எப்போது தட்டுவது என்று பயிற்றுவிப்பாளருடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கை முழுமையாக நீண்டு, இடுப்பால் அழுத்தம் வரத் தொடங்கினால் தட்டு. கால் திருகப்பட்டு, வெளிவரும் வழி தெரியவில்லை என்றால் வலிக்காகக் காத்திருக்காமல் தட்டு.

உடலில் என்ன நடக்கிறது?

கழுத்தை நெருக்கும் பிடிகள் பெரும்பாலும் மூச்சுக்குழாயைக் குறிவைப்பதில்லை. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களை அழுத்துகின்றன. பிடி சரியாக விழுந்தால் சில விநாடிகளில் மயக்கம் வந்துவிடும். அதிகம் வலிக்காது என்பதுதான் இதில் சிக்கல். காதில் இரைச்சல், கண் ஓரம் இருட்டுவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காதீர்கள்.

பிடியை விட்டதும் பெரும்பாலும் சீக்கிரமே நினைவு திரும்பும். அதற்காக அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மயங்கியவர் அன்று மீண்டும் ஆடாமல் இருப்பதே நல்லது. மருத்துவக் குழுவினர் பரிசோதிக்கவேண்டும்.

மூட்டுப் பூட்டுகள் வேறு வகை. முழங்கையை அது மடங்காத பக்கம் வளைக்கும்போது வலி முன்கூட்டியே எச்சரிக்கும். தோள்பட்டையில் அந்த எச்சரிக்கைக்கும் காயத்துக்கும் உள்ள இடைவெளி குறைவு. முழங்கால் திருகில் அநேகமாக இடைவெளியே இல்லை.

மூச்சு ஏன் இவ்வளவு சீக்கிரம் வாங்குகிறது?

ஐபிபிடி சோதனையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை அருமையாக முடிப்பவரும் முதல் போட்டியில் இரண்டே நிமிடத்தில் களைத்துப் போகலாம். பதற்றத்தில் உடல் முழுவதையும் இறுக்கி, கையில் இருக்கும் பிடியை விடாமல் பிடித்து, மூச்சையும் அடக்கிக்கொள்வதே முக்கியக் காரணம்.

கபடியில் மூச்சைப் பிடித்துப் பாடிச் செல்பவருக்குப் பெருமை. இங்கே அது தலைகீழ். மூச்சை அடக்கினால் முன்கை மரத்துப்போகும், பிடி நழுவும். அதனால்தான் ஓரத்தில் நிற்கும் பயிற்றுவிப்பாளர்கள் "மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

எடையைக் குறைத்துப் போகலாமா?

முதல் போட்டிக்கு வேண்டாம். இப்போது என்ன எடையோ அந்தப் பிரிவிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

ஐபிஜேஜேஎஃப் போட்டிகளில் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் எடை பார்ப்பார்கள். 'கி' பிரிவில் சட்டையோடு சேர்த்தே எடை பார்க்கப்படும். வரம்பைத் தாண்டினால் தகுதி இழக்கவேண்டியதுதான். தண்ணீர் குடிக்காமல், வியர்வை சிந்தி எடையைக் குறைத்தவர் அதே வறண்ட உடலோடு உடனே மல்லுக்கட்டவேண்டும்.

இது உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் சில வார இடைவெளியில் எடையைக் குறைக்கும் முயற்சியில் மாண்டனர். 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்குத் தயாரான சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தார். அதன்பிறகு அந்த நிறுவனம் நீரிழப்பு மூலம் எடை குறைப்பதைத் தடைசெய்தது. வீரர்களின் உடலில் போதிய நீர் இருக்கிறதா என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் உறுதிசெய்யத் தொடங்கியது.

தோலைக் கவனியுங்கள்

நம் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று எளிதில் பரவும். பாக்டீரியாத் தொற்றும் கொப்புளங்களும்கூடத் தோலோடு தோல் உரசும்போது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும்.

வட்டமான சிவந்த தடிப்போ சீழ்க் கொப்புளமோ தெரிந்தால் பலதுறை மருந்தகத்திலோ வழக்கமாகச் செல்லும் மருந்தகத்திலோ காட்டுங்கள். மறைத்துக்கொண்டு போட்டிக்குப் போகாதீர்கள். தொற்று இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் ஏற்பாட்டாளர்கள் உங்களைத் திருப்பி அனுப்பலாம்.

போட்டி நாளுக்கு என்ன தேவை?

- அடையாள அட்டை அல்லது கடப்பிதழ்
- விதிமுறைக்கு ஏற்ற உடை. 'நோ-கி' காற்சட்டையில் பை, பொத்தான், ஸிப் எதுவும் இருக்கக்கூடாது
- வெட்டிய நகங்கள், கட்டிய கூந்தல். மோதிரம், தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கையில் கட்டிய சாமிக் கயிற்றில் விரல் சிக்கக்கூடும். அதையும் முன்கூட்டியே கவனியுங்கள்
- விரிப்பை விட்டு வெளியே வரும்போது போட்டுக்கொள்ளச் செருப்பு. வெறுங்காலுடன் கழிவறைக்குப் போய்விட்டு விரிப்பில் ஏறக்கூடாது
- தண்ணீர், வாழைப்பழம் போல எளிதில் செரிக்கும் உணவு
- துணைக்கு ஒருவர். காயம் பட்டால் உங்களை வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச்செல்ல ஆள் வேண்டும்

படிவத்தில் கையெழுத்திடும் முன்

பதிவின்போது பொறுப்புத்துறப்புப் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். விளையாட்டுக்கே உரிய ஆபத்தை நீங்கள் அறிந்து ஏற்கிறீர்கள் என்பது அதன் பொருள். ஆனால் சிங்கப்பூரின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, ஏற்பாட்டாளரின் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ ஆன பொறுப்பை ஒரு படிவத்தின் மூலம் அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

உங்கள் காப்புறுதித் திட்டத்தையும் பாருங்கள். தற்காப்புக்கலைப் போட்டிகளில் ஏற்படும் காயங்களை ஏற்காத திட்டங்கள் உண்டு. ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அரங்கில் மருத்துவக் குழு இருக்குமா? விரிப்புகளுக்கு இடையிலும் சுற்றிலும் போதிய பாதுகாப்பு இடைவெளி இருக்குமா?

பிள்ளைகள் போட்டியிடுவதாக இருந்தால், தடைசெய்யப்பட்ட பிடிகள் இன்னும் அதிகம். இருந்தாலும் "தட்டிடாதே, தாங்கிக்கோ" என்று ஓரத்திலிருந்து கத்தும் பெற்றோரை எந்த விதியும் தடுக்காது. பிள்ளை தட்டிவிட்டு வந்தால் "சரியான நேரத்துல தட்டினே" என்று சொல்லுங்கள். அடுத்த முறையும் அவன் பயமில்லாமல் தட்டுவான்.

வீடு திரும்பிய பிறகு

மூட்டில் 'டப்' என்று சத்தம் கேட்டிருந்தால், வீக்கம் ஏறிக்கொண்டே போனால், காலை ஊன்ற முடியாவிட்டால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கழுத்து நெருக்கப்பட்ட பிறகு கடும் தலைவலி, கழுத்தின் ஒரு பக்கம் தொடர்ந்து வலி, பேச்சுக் குழறல், முகத்திலோ கைகாலிலோ ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்குதல் ஆகியவை ஏற்பட்டால் 995-ஐ அழையுங்கள். கழுத்து ரத்தநாளத்தின் உட்சுவர் கிழிவது அரிது. ஆனால் அது பக்கவாதத்துக்கு இட்டுச்செல்லலாம். இந்த அறிகுறிகள் சில மணி நேரமோ சில நாளோ கழித்தும் தோன்றலாம் என்பதால், கழுத்துப் பிடியில் சிக்கியதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.